நூற்று நாற்பத்து மூன்று காரணங்கள்

மார்ச் 4

அண்ணா,

கடிதமா என்று சிரிக்காதே. அம்மா ஏற்கெனவே சிரித்துவிட்டாள். "கையில போன் இருக்கு, கடையில கம்ப்யூட்டர் இருக்கு, இவ என்னடான்னா தபால் தலைக்கு எச்சில் தொட்டுக்கிட்டு இருக்கா" என்றாள்.

காரணம் இருக்கிறது. நவம்பரில் நாம் சண்டை போட்ட பிறகு உனக்கு மூன்று செய்தி அனுப்பினேன். மூன்றிலும் நீலக் கோடு இரண்டு விழுந்தது. நீ படித்துவிட்டாய், பதில் போடவில்லை என்று எனக்குத் தெரிந்துபோனது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. பதில் வராவிட்டால் தபால்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

நான் நன்றாக இருக்கிறேன். இதை நீ நம்ப மாட்டாய் என்பதால் மேலேயே எழுதிவிடுகிறேன். வேலை பிடித்திருக்கிறது. கடையில் மூன்று கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். முதலாளியை ஊரே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. பேசுவது அவர் வேலை, தட்டச்சு செய்வது என் வேலை. ஆன்லைனில் விண்ணப்பம் போடத் தெரியாதவர்கள் வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். எதிரில் இல்லை, பக்கத்தில். இரண்டு பேரும் திரையைத்தான் பார்ப்போம். யாரும் என் முகத்தைப் பார்க்காததால் எனக்குப் பேச்சு வருகிறது. பள்ளியில் வாய்மொழித் தேர்வன்று பதினொரு நிமிடம் வாயே திறக்காமல் நின்றவள்தான் நான். இங்கே "அப்பா பேரு சொல்லுங்க, பிறந்த தேதி சொல்லுங்க" என்று நாள் முழுக்க அதிகாரம் செய்கிறேன்.

ஆள் இல்லாத நேரத்தில் இணையத்தில் சுற்றுகிறேன். சூப்பர் மார்க்கெட் வண்டிகளில் மற்றவர்கள் விட்டுப்போன சாமான் பட்டியல்களைச் சேர்த்து வைக்கிற ஒருவரைக் கண்டுபிடித்தேன். ஒரு பட்டியலில் "பால், சோப்பு, மன்னிப்பு" என்று இருக்கிறது. எங்கேயோ ஒரு குளத்தைப் பார்த்து வைத்த கேமரா ஒன்றும் உண்டு. ஒரு கொக்கு நின்றுகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் நாற்பத்து மூன்று பேர் என்று ஓரத்தில் காட்டும். ஒருவரும் பேசுவதில்லை. இப்படி ஒரு வகுப்பு இருந்திருந்தால் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று, நம் நகரசபையின் கூட்டக் குறிப்புகள். எல்லாம் இணையத்தில் இருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. நான் கதைப் புத்தகம் போலப் படிக்கிறேன். "விரிவான விவாதம் நடைபெற்றது" என்றால் சண்டை. "குறித்துக்கொள்ளப்பட்டது" என்றால் யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. நம் வார்டு உறுப்பினர், அதாவது மைக் கிடைத்தால் விடமாட்டாரே, அந்த மைக் மாமா, ஒன்பதாம் எண் பஸ்ஸை நிறுத்திவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். இம்மாதம் இருபதாம் தேதி வரை மக்கள் ஆன்லைனில் கருத்துச் சொல்லலாமாம்.

பதில் எழுது. எழுதாவிட்டால் தபால்காரரைத் திட்டுவேன்.

மரவட்டை

மார்ச் 11

மரவட்டை,

தபால்காரரைத் திட்டாதே. கிடைத்தது.

நீலக் கோட்டுக்குப் பதில் போடாதது தப்புதான். ஆனால் என்ன எழுதச் சொல்கிறாய்? "பள்ளிக்குத் திரும்பிப் போ" என்று எழுதினால் தொட்ட மரவட்டை மாதிரி சுருண்டுவிடுவாய். வேறு எதை எழுதினாலும் அதை மறைத்துவிட்டு எழுதுவதாக இருக்கும். நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்கிறாய், சரி. பதினேழு வயதில் எனக்கும் ஒரு சைக்கிள் கடையில் சந்தோஷமாக இருந்தது. மாலை வகுப்புக்கான படிவம் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் படிவம் நிரப்புகிறாய், இதையும் ஒரு தடவை பார்.

ஒரு வேடிக்கை கேள். உன் நகரசபையின் கருத்துக்கணிப்புத் தளம் எங்கள் அலுவலகம் செய்ததுதான். நான் சோதனைப் பிரிவு. மற்றவர்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது என் வேலை. ஏழு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஒரு ஊர் தன் காரியத்தைத் தானே முடிவு செய்வதற்கு இதைவிட நேரான வழி இல்லை. யார் சத்தமாகப் பேசுகிறார் என்பது முக்கியம் இல்லாமல் போய்விடும். மைக் மாமாவுக்கும் ஒரு ஓட்டு, பேசாத உனக்கும் ஒரு ஓட்டு.

பஸ் வேண்டும் என்றால் நிறையப் பேரைப் போடச் சொல். அதற்காகத்தான் செய்தோம்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "அது கிடக்குது" என்கிறாள்.

அண்ணன்

மார்ச் 16

அண்ணா,

படிவத்தைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் பிறந்த தேதிக் கட்டத்தை இரண்டு முறை அச்சடித்திருக்கிறார்கள். பார்த்தேன் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

நிறையப் பேரைப் போடச் சொல் என்றாய் அல்லவா? அக்கா கடை வாசலில் அட்டை எழுதி மாட்டிவிட்டார்: "பஸ் கருத்து இங்கே இலவசம்." இன்று மாலை வரை நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒன்பதாம் எண்ணில் போகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இணையம் கிடையாது. எல்லோரும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் போட்டார்கள்.

பெயர், முகவரிக்குக் கீழே "காரணம்" என்று ஒரு பெட்டி வைத்திருக்கிறீர்களே, அது உன் யோசனையா? நல்ல யோசனை. அவர்கள் சொல்வதை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன். அழகாக எழுதித் தரட்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. சிலவற்றைக் கேள்.

பல் முக்கால்வாசி விழுந்த ஒரு அம்மா: "டென்டிஸ்ட் கடைசி ஸ்டாப்ல இருக்காரு. எனக்கு இன்னும் ஆறு பல்லு பாக்கி."

தையல்காரர்: "துணி மூட்டையோட நடந்து போனா, பொண்டாட்டி துரத்திட்டாளான்னு கேக்கறாங்க."

ஒருவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "நான் அதுல ஏறுறதே இல்ல. ஆனா என் மாமியார் அதுலதான் திரும்பிப் போறாங்க."

இன்னொருவர், நம் அப்பா வயது இருக்கும். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். "போறப்ப நடந்துருவேன். வர்றப்ப முடியாது." அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அடிக்க எனக்கும் ஒன்றும் இல்லை.

பொத்தானை அழுத்தியதும் "நன்றி, உங்கள் கருத்து பதிவானது" என்று பச்சையில் வருகிறதே, அதை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு பல் அம்மா அந்தத் திரையைப் பார்த்து "இருக்கட்டும் கண்ணு, இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி" என்றார்.

நேற்று ஒரு பக்கம் பார்த்தேன். யாரோ ஒரு பெண் தன் நகரத்துச் சிக்னல்களில் நடப்பவர்களுக்கு எத்தனை நொடி பச்சை விழுகிறது என்று ஸ்டாப்வாட்சை வைத்து அளந்து வரைபடம் போட்டிருக்கிறாள். கடைத் தெருவில் இருபத்தெட்டு. மருத்துவமனை வாசலில் பதினான்கு. அரசியல் என்றால் மேடையும் மாலையும்தான் என்று நினைத்திருந்தேன். பதினான்கு நொடியும் அரசியல்தான் போலிருக்கிறது.

அம்மாவின் முழங்கால் கிடக்கிறது.

மரவட்டை

மார்ச் 23

அண்ணா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. பஸ் ஸ்டாப் தூணிலேயே ஒட்டியிருக்கிறார்கள். நிறுத்தலாம்: 188. தொடரலாம்: 97. அதற்குக் கீழே ஒரு வரி: "ஒரே கணினியிலிருந்து போலியாகப் போடப்பட்ட 142 வாக்குகள் நீக்கப்பட்டன."

நூற்று நாற்பத்து மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலில் வந்தவர் தையல்காரர். ஆக அவர் ஒருவர் மட்டும் உண்மையான மனிதர். மற்றவர்கள் எல்லாம் நான் கற்பனை செய்தவர்கள்.

மைக் மாமா டீக்கடையில் நின்று சொல்லியிருக்கிறார்: "ஜெராக்ஸ் கடையில உக்காந்து ஒரே கை நூத்தி நாப்பது ஓட்டுக் குத்தியிருக்கு. ஓட்டையும் ஜெராக்ஸ் எடுப்பாங்க போல!" டீக்கடை முழுக்கச் சிரித்திருக்கிறது. ஜெராக்ஸ் அக்கா போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். எனக்கு அதுகூட முடியவில்லை. இரண்டு நாள் பின்வாசல் வழியாகக் கடைக்கு வந்தேன்.

டயாலிசிஸ்காரர் நேற்று வந்தார். கோபப்படவில்லை. "நீ நன்றின்னு படிச்சியேம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஆமாம், படித்தேன். நூற்று நாற்பத்து மூன்று தடவை படித்தேன். உங்கள் தளம்தானே சொன்னது? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, ஏன் நன்றி சொன்னது? இது எப்படி நடந்தது என்று விசாரித்து எழுது. நகரசபையின் கடைசி முடிவு ஏப்ரல் பன்னிரண்டு.

மரவட்டை

மார்ச் 28

மரவட்டை,

விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரியும்.

விதி எண் 31. ஒரே கருவியிலிருந்து இரண்டாவது வாக்கு வந்தால் ஏற்கக்கூடாது. கேட்டது நகரசபை. எழுதியவர் பக்கத்து மேசைக்காரர். சோதித்துப் பார்த்து "தேர்ச்சி" என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்தப் பச்சை நன்றியும் என்னுடையதுதான். முதலில் "ஏற்கப்படவில்லை" என்றுதான் வந்தது. "கள்ள ஓட்டுப் போடறவனுக்கு மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சா அடுத்த கம்ப்யூட்டருக்குப் போயிடுவான், தெரியவே கூடாது" என்று நான்தான் கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கைகூடக் கொடுத்தார்.

மார்ச் 11 அன்று, நிறையப் பேரைப் போடச் சொல் என்று உனக்கு எழுதியபோது எனக்கு இது ஞாபகம் வரவில்லை. உன் 16-ஆம் தேதிக் கடிதத்தைப் படித்ததும் வந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கும். கடைசித் தேதிக்கு முன்னால் யாருக்காவது போன் செய்திருக்கலாம். ஒருவேளை அப்படி நடக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குப் பெயர் பயம். அலுவலகத்தில் அதை "கவனித்துவருகிறோம்" என்போம்.

மன்னித்துவிடு என்று எழுதி, அடித்துவிட்டு, மறுபடி எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அண்ணன்

ஏப்ரல் 1

அண்ணா,

நாம் நான்கு பேருக்கு ஒரு போன் இருந்த வீட்டில் வளர்ந்தோம். அப்பா வெளியூர் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். உன் பரீட்சை முடிவை எதிர்வீட்டு டெய்லர் போனில்தான் பார்த்தாய். அந்த ஒரே போனில் அன்றைக்கு அந்தத் தெருவே முடிவு பார்த்தது. நீ ஏழாவது ஆளாக வரிசையில் நின்றாய்.

ஒரு கருவிக்கு ஒரு மனிதர் என்று உனக்கு எப்படி அண்ணா தோன்றியது?

நான் பள்ளியை விட்டதற்கு நான்கு மாதம் பேசாமல் இருந்தாய். நானும் அப்படிச் செய்யலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தில் கண்டுபிடிப்பு எதுவும் எழுதப்போவதில்லை. கொக்கும் கிடையாது.

பன்னிரண்டாம் தேதிக் கூட்டத்தில் ஆட்சேபணை சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும், எழுதிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்களாம். இந்த ஊரில் யாருக்கு எது முடியாதோ அதைத்தான் விதியாக வைக்கிறார்கள்.

மரவட்டை

ஏப்ரல் 6

மரவட்டை,

உன் கேள்வியைப் பலமுறை படித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு என் கருவி என்னுடையதாகவே இருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

செய்ததை மட்டும் சொல்கிறேன். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். "அவங்க கேட்டதைத்தானே செஞ்சோம்? நீயா எதுக்குக் குழியில விழறே?" என்றார். பிழை அறிக்கை ஒன்று எழுதி, என் பெயர் போட்டு, நகரசபைச் செயலாளருக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டேன். மறுநாள் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாட்காட்டிச் செயலியைச் சோதிக்கிறேன். பிப்ரவரி முப்பது வருகிறதா என்று பார்க்க வேண்டும். இதுவரை வரவில்லை.

ஆனால் அறிக்கை வெறும் காகிதம். கூட்டத்தில் யாராவது நின்று சொன்னால்தான் அதை எடுத்துப் படிப்பார்கள். உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், வருத்தப்படாதே. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும்.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணா,

வராதே.

கோபம் இல்லை. அவர்கள் தங்கள் காரணத்தை உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்கள்.

இது சரியான நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று அம்மா விரைவுத் தபாலில் போடுகிறாள். "போன் பண்ணா ரெண்டு நிமிஷம். இந்த வீட்ல ஒருத்தருக்கும் மூளை கிடையாது" என்று சொல்லச் சொன்னாள்.

மரவட்டை

ஏப்ரல் 13

அண்ணா,

உட்கார்ந்து படி. நீளம்.

நகரசபைக் கூடம் பள்ளி வகுப்பு மாதிரியேதான் இருக்கிறது. மேடையில் ஒன்பது பேர், நடுவில் தலைவர் அம்மா, கீழே நாற்காலிகள், நடுவில் ஒற்றை மைக். நான் நான்காவது. என் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். ஒன்பது முகம். சுவரில் மூன்று நிமிடம் பின்னோக்கி ஓடும் கடிகாரம். தலைவர் அம்மா நல்ல மாதிரிதான். "நிமிர்ந்து எங்களைப் பாத்துப் பேசும்மா, பயப்படாதே" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நிமிர்ந்தேன், அவ்வளவுதான், வாய் பூட்டிக்கொண்டது. இருபது நொடி போனது. நாற்பது போனது. மைக் மாமா பெருமூச்சு விட்டது மைக்கில் கேட்டது.

அப்போது ஜெராக்ஸ் அக்கா எழுந்து வந்தார். முன்வரிசையிலிருந்து இரண்டு நாற்காலிகளை இழுத்து, மேடைக்குப் பக்கவாட்டில், கடையில் போடுவதுபோல அடுத்தடுத்துப் போட்டார். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். கையில், கருத்துப் போட்ட அன்றே நாங்கள் அச்சடித்து வைத்திருந்த காரணப் பட்டியல். இன்னொன்றில் நான் உட்கார்ந்தேன். இப்போது எனக்கு யார் முகமும் தெரியவில்லை, காகிதம் மட்டும் தெரிந்தது. "பேரு சொல்லு" என்றார், நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுபோல.

படிக்க ஆரம்பித்தேன். என் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவர்கள் பெயர், அவர்கள் தெரு, அவர்கள் காரணம். ஆறு பல். துணி மூட்டை. போகும்போது நடப்பேன், வரும்போது முடியாது. பதினான்கு காரணம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

மைக் மாமா "நன்றி, அடுத்தவர்" என்றார். அடுத்தவர் ஆறு பல் அம்மா. மைக்குக்குப் போகாமல் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: "என் மூணு நிமிஷத்தையும் அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க."

"அதெல்லாம் முடியாதும்மா. நிமிஷம் என்ன பஸ் சீட்டா, எந்திரிச்சுக் குடுக்கறதுக்கு?" என்றார் மைக் மாமா.

"பஸ் சீட்டுக்காகத்தானே தம்பி வந்திருக்கோம்?" என்றார் அந்த அம்மா.

கூடம் சிரித்தது. தலைவர் அம்மாவும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டி, தடை எதுவும் இல்லை என்றார். அதன்பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் மூன்று நிமிடத்தைக் கொடுத்தார்கள். தையல்காரர் கொடுத்தார். டயாலிசிஸ்காரர் கொடுத்தார். யாரென்றே எனக்குத் தெரியாத ஒருவர், வேறு ஏதோ சாக்கடைப் பிரச்சினைக்கு வந்தவர், அவரும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மாமியார் காரணத்தைப் படித்தபோது மட்டும் ஒரு விபத்து. அந்த மாமியார் மூன்றாம் வரிசையில் இருந்தார். "பேரு என்ன சொன்னே? இன்னொரு தடவை படி" என்றார். நான் படிக்கவில்லை. அக்கா காகிதத்தைத் திருப்பிவிட்டார்.

மொத்தம் முப்பது நிமிடம். கடைசிக் காரணம் முடிந்ததும் தலைவர் அம்மா கேட்டார்: "இதையெல்லாம் ஒரே ஆள் கற்பனை பண்ணியிருக்க முடியும்னு யாராவது நினைக்கறீங்களா?" மைக் மாமா தன் மைக்கை அணைத்துவிட்டார். பிறகு செயலாளர் உன் அறிக்கையைப் படித்தார். "விதி 31 தவறு. அதைச் சோதித்து ஏற்றவன் நான்" என்ற வரி வந்ததும், பின்வரிசையில் இருந்த நம் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சளியாம்.

கருத்துக்கணிப்பை மறுபடி நடத்துகிறார்கள். இந்த முறை இணையத்தோடு காகிதச் சீட்டும் உண்டு. பஸ்ஸுக்குள்ளேயே பெட்டி வைக்கிறார்கள்.

வெளியே வந்ததும் பசித்தது. பயந்தால் எனக்குப் பசிக்காது, உனக்குத் தெரியும்.

மரவட்டை

ஏப்ரல் 19

மரவட்டை,

கூட்டக் குறிப்பு இணையத்தில் வந்துவிட்டது. இப்போது நானும் கதைப் புத்தகம் போலப் படிக்கிறேன். நூற்று நாற்பத்து மூன்று காரணங்களையும் பின்னிணைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். மாமியார் இடத்தில் சத்தமாகச் சிரித்து, பக்கத்து மேசைக்காரரும் வந்து படித்தார். விதி 31-ஐ எழுதியவர் அவர்தான். டயாலிசிஸ் வரியில் இரண்டு பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

புதிய கணிப்புக்கு என்னை மறுபடி கூப்பிட்டார்கள். மேலாளருக்கு முகம் அவ்வளவு சரியில்லை, ஆனால் தளத்தைத் தெரிந்தவன் நான்தான். பழைய விதி 31-க்கு எதிரே "தோல்வி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த வேலைக்கு வந்து மூன்று வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை எழுதியதில்லை. நன்றி என்று பச்சையில் வந்தால் இனி அது உண்மையான நன்றி.

உன்னால் முடியாது என்று எழுதியிருந்தேன். அந்த வரியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். பள்ளி பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. அடுத்ததிலும் எழுதுவதாக இல்லை. உனக்குத் தோன்றினால் நீ எழுது.

அடுத்த மாதம் ஒரு வாரம் லீவு. வருகிறேன். இந்த முறை பேசுவதற்கு இல்லை, சாப்பிட.

அண்ணன்

மே 5

அண்ணா,

தொடரலாம்: 402. நிறுத்தலாம்: 231.

அதே தூணில் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்பதாம் எண் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. இதனால் வருத்தப்படுகிறவர் ஊரில் ஒருவர்தான். அவருடைய மாமியார் முன்பெல்லாம் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை திரும்புவார். இனி திங்கட்கிழமைதான் திரும்ப முடியும்.

மைக் மாமா கடைக்கு வந்து ஏதோ ஜெராக்ஸ் எடுத்தார். "ஒரே காப்பி போதும்" என்று அவரே சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அன்று அவர் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை, அது வேறு.

கொக்கு திரும்பிவிட்டது. அதாவது கேமராவில். நடுவில் பத்து நாள் காணவில்லை, நாங்கள் எல்லோரும் வெறும் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று இரண்டாக வந்திருக்கிறது. ஓரத்தில் யாரோ முதல்முறையாக ஒரு சொல் எழுதினார்கள், எந்த மொழி என்று தெரியவில்லை.

உன் மாலை வகுப்புப் படிவத்தை நிரப்பவில்லை. கிழிக்கவும் இல்லை. நீ வரும்போது பேசுவோம், பக்கத்தில் உட்கார்ந்து.

ஒன்று உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. அந்த நூற்று நாற்பத்து மூன்றில் என் ஓட்டு இல்லை. எல்லோருடைய காரணத்தையும் கேட்டுக் கேட்டு அடித்தேன், என்னை நானே கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. எனக்கென்று ஒரு கருத்து இருக்கலாம் என்றே நினைக்கவில்லை. தினம் இரண்டு தடவை அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன்.

இந்த முறை பெட்டியை டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியில் கட்டியிருந்தார்கள். கடைசி நாளன்று ஒரு சீட்டை எடுத்து, மடியில் பையை வைத்து, அதன் மேல் வைத்து எழுதினேன். பஸ் குலுங்கியதில் கையெழுத்துக் கோணல். நான் எழுதியது இதுதான்:

"காலை ஏழு ஐம்பதுக்கு நான் ஸ்டாப்பில் இல்லாவிட்டால் டிரைவர் ஒரு நிமிடம் நின்று தெருமுனையைப் பார்க்கிறார். நான் ஓடிவந்து ஏறிய பிறகுதான் எடுக்கிறார். பள்ளிக்குப் போன நாளிலிருந்து, இரண்டு வருடமாக இப்படி. அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை."

இறங்கும்போது பெட்டியில் போடப் போனேன். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "அவ்வளவு நேரம் எழுதினே, என்னதான் எழுதினே? படிக்கலாமா?" என்றார்.

சீட்டு பாதி உள்ளே போய்விட்டது. "எண்ணி முடிச்சப்புறம் எல்லாரும் படிக்கலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது, என் கடைசி வரி பொய்யாகிவிட்டது என்று. அதற்குள் சீட்டு முழுதும் உள்ளே விழுந்திருந்தது. எடுத்துத் திருத்தலாம் என்று பார்த்தேன். பெட்டியின் வாய் சின்னது, கை போகவில்லை. பின்னால் ஆறு பேர் இறங்கக் காத்திருந்தார்கள்.

மரவட்டை